வடை சுட்ட எண்ணெய்

வாடை வருகிறதா டீச்சர்? பயப்படாதீர்கள், படகில் யாரும் வடை சுடவில்லை. எஞ்சினில் ஊற்றுகிற எண்ணெய்தான் அது. எங்கள் விடுதியில் பெட்ரோல் கிடையாது, டீசல் கிடையாது. எங்கள் அடுக்களையிலும் கரையில் இரண்டு ஓட்டல்களிலும் பொரித்து மிஞ்சுகிற எண்ணெயை வாங்கி, துணியில் வடிகட்டி, இதில்தான் ஊற்றுகிறோம். ஏரி கெடக் கூடாது. மார்லீஸின் சட்டம். மார்லீஸ்தான் முதலாளி, டச்சுக்காரி, நல்ல மனுஷி. அவளிடம் சட்டம் நிறைய உண்டு. சோப்பு கூடாது, சாம்பல்தான். பிளாஸ்டிக் கூடாது. கழிப்பறையில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மரத்தூள் ஒரு சிரட்டை அள்ளிப் போட வேண்டும். முதல் நாள் உங்களுக்குக் குமட்டும். மூன்றாம் நாள் பழகிவிடும்.

உங்களுக்கு மரத்து மேல் இருக்கிற வீட்டை ஒதுக்கியிருக்கிறேன். உங்கள் மகள் சாதாரணக் குடிசைக்குத்தான் பதிவு செய்திருந்தாள். இருக்கட்டும், அதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

உங்கள் பெயரைப் பதிவில் பார்த்ததும் வாய்விட்டு இரண்டு தடவை படித்தேன். சௌந்தரவல்லி, ஓய்வுபெற்ற தமிழாசிரியை, பாளையங்கோட்டை. நாலு வருடமாக டாங்கனிக்கா ஏரியில் இந்த விடுதிக்கு மேனேஜராக இருக்கிறேன், ஒரு தமிழ் ஆள் வந்ததில்லை. அதுவும் இந்த வாரமாகப் பார்த்து. நான் களக்காடு டீச்சர். பெயர் கொம்பையா. இங்கே யாருக்கும் அது வாயில் நுழையாது, கொம்போ என்பார்கள். கொம்போ என்றால் அவர்கள் பாஷையில் கோணல் என்று அர்த்தமாம். சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நான் புத்தகத் தமிழில் பேசுகிறேனோ? வாயைத் திறந்து பேச ஆள் இல்லாமல் நாலு வருடம் மனசுக்குள்ளேயே பேசினால் இப்படித்தான் ஆகும். அதுவும் டீச்சர் முன்னால் என்றால் தன்னால் நேராக வருகிறது.

கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். இரைச்சல்.

பின்னால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு இருக்கிறானே, அவன் மஷாகா. படகில் ஏறும்போது அவன் கை நீட்டினான், நீங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டீர்கள். தப்பில்லை, எல்லோரும் அப்படித்தான். தாடை கோணலாக ஒட்டிவிட்டது. இடது கண் இல்லை. பேசினால் அவன் பெண்டாட்டி தாபுவுக்கு மட்டும்தான் புரியும். சிரித்துவைக்காதீர்கள். அவன் பதிலுக்குச் சிரித்தால் ராத்திரி சாப்பாடு இறங்காது.

தமிழிலேயே பேசலாம். அவனுக்குப் புரியாது. முன்பு புரியும், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். விருந்தாளிகளின் மிதவைச் சட்டையை எண்ணும்போது ஒண்ணு, ரெண்டு, மூணு என்று தமிழில்தான் எண்ணுவான். தலையில் அடி பட்டதில் எல்லாம் போய்விட்டது. பாவம்.

உங்களிடம் ஒரே ஒரு உதவி கேட்க வேண்டும். நாளைக் காலையில் தீவுப் பள்ளிக்கூடத்தில் ஊர்க்கூட்டம். என்னைப் பற்றித்தான். இவன் பெண்டாட்டி புகார் கொடுத்திருக்கிறாள், எட்டு மாதம் கழித்து. அவர்கள் என் மேல் தப்பு என்று சொல்லிவிட்டால் என்னைக் கரைக்குக் கூட்டிப்போய்ப் போலீஸில் விடுவார்கள். போலீஸைப் பற்றிக்கூட எனக்குப் பயமில்லை. படகிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் அந்தச் சந்தைக்குள்ளே நடக்க வேண்டும். அதற்குத்தான் பயம்.

நீங்கள் பொய் சொல்ல வேண்டாம். தமிழ் டீச்சர் என்கிற முறையில் ஒரே வாக்கியம். எங்கள் பாஷையில் பிரியமானவர்களைத் திருடன் என்று கூப்பிடுவது உண்டு. அவ்வளவுதான். உண்டா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். பேரப்பிள்ளையைக் கொஞ்சும்போது என்ன சொல்வீர்கள்? திருட்டுப் பயலே. சேக்காளியைப் பார்த்தால்? ஏல களவாணி. மதுரையில் சாமிக்கே பெயர் கள்ளழகர். கிருஷ்ணன் வெண்ணெய் திருடி. அதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. சாமி பெயர் என்றால் இங்கே மதிப்பார்கள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். அப்போதுதான் உங்களுக்கும் மனசு துணியும்.

நான் வந்த புதிதில் எனக்கு இந்தத் தீவில் ஒரே துணை இவன்தான். அப்போது பார்க்க வேண்டும் இவனை. ஆள் நல்ல உயரம், வாய் ஓயாது. விருந்தாளி ஏறி உட்கார்ந்த உடனே, முதலை இந்தப் பக்கம் வராது, நேற்று ஒருத்தரைச் சாப்பிட்டது, இன்னும் செரிக்கவில்லை என்பான். வெள்ளைக்காரிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எல்லோருக்கும் இவன்தான் வேண்டும். பறவை பார்க்க மஷாகா, மீன் பிடிக்க மஷாகா. விருந்தாளிகள் எழுதுகிற நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் மஷாகா. என் பெயர் ஒரே ஒரு இடத்தில் வரும், வடை நன்றாக இருந்தது என்று. அதிலும் வடையை டோனட் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு வருத்தம் இல்லை. சொல்கிறேன், அவ்வளவுதான்.

நான் அவனை ஏல களவாணி என்பேன். அவன் என்னைக் களவாணி என்பான். காலையில் அடுக்களைக்குள் தலையை நீட்டி, "ஏல களவாணி, சாயா குடிச்சியால?" என்று கேட்பான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் களக்காட்டுப் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி இருக்கும். ஒரு தடவை எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதையும் கூட்டத்தில் சொல்லலாம்.

களவாணிக்கு அர்த்தம் கேட்டான். அகராதியில் பார்த்து அவர்கள் பாஷையில் சொன்னேன். முவீஸி. அடுக்களையில் நாலு பேர் இருந்தார்கள். வெங்காயம் நறுக்குகிறவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். இவன் என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனான். சிரிக்கவில்லை. "கொம்போ, என்னை நாய்னு சொல்லு, கழுதைன்னு சொல்லு. உங்க பாஷையில என்ன வேணும்னாலும் சொல்லு. அந்த வார்த்தையை எங்க பாஷையில சொல்லாத. கரையில அதைச் சொன்னா அது வார்த்தை இல்ல, கல்லு" என்றான். அவன் சித்தப்பா மகன் ஒருத்தனை அப்படி அடித்தே கொன்றிருக்கிறார்கள். எதற்கு? செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு போனதற்கு. சரி சரி என்றேன். இது நடந்தது வந்த புதிதில். மூன்று வருடம் கழித்து இதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? இதைக் கூட்டத்தில் சொல்ல வேண்டாம். கேட்டால் மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் மார்லீஸ் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாள். கையில் ஒரு தாள். விடுதியால் எவ்வளவு புகை ஏறுகிறது என்று ஏதோ கம்பெனிக்காரன் பார்த்துக் கொடுத்திருந்தான். எல்லாம் பச்சையாக இருந்தது. ஒரே ஒரு கோடு சிவப்பு. நான்தான் அந்தக் கோடு. வருடத்துக்கு ஒரு தடவை நான் விமானத்தில் ஊருக்குப் போய் வருகிறேன் இல்லையா, அந்தப் புகை. விடுதி முழுக்க வருடம் பூராவும் எரிக்கிற எண்ணெயைவிட அது அதிகமாம். உள்ளூர்க்காரன் மேனேஜராக இருப்பதுதான் ஏரிக்கு நல்லது கொம்போ என்றாள். அடுத்த மழைக்காலத்துக்குள் மஷாகாவுக்கு எல்லாம் பழக்கிக் கொடுத்துவிடு என்றாள். கண்ணில் தண்ணீரோடுதான் சொன்னாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, நீயும் மரங்களைப் பற்றிக் கவலைப்படுகிறவன்தானே என்றாள். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

எனக்குக் கோபம் இல்லை டீச்சர். அவன் என்ன செய்வான், அவனுக்குக் கிடைத்தது. சாவிக்கொத்தை அவனிடம் காட்டி, இது அரிசி அறை, இது எண்ணெய் அறை என்று சொல்லிக்கொடுத்தேன். அவன் அதை விரலில் மாட்டிச் சுழற்றினான். சும்மா விளையாட்டுக்குத்தான். ஒரு மேனேஜர் சாவிக்கொத்தைச் சுழற்றக் கூடாது. அதை மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் கரைக்கு வந்தோம். ஒரு வெள்ளைக்காரக் கணவன் மனைவியை ஏற்றிப்போக வேண்டும், ஓட்டல் எண்ணெயை வாங்க வேண்டும். எஞ்சின் விசிறி, தண்ணீரைத் தள்ளுமே இரும்பில், அது பாறையில் தட்டி வளைந்திருந்தது. அதைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, இவன் தோளில் வைத்துக்கொண்டு பட்டறைக்கு நடந்தான். நான் எண்ணெய்க் கேனோடு படகுத் துறையில் நின்றேன். நடுவில் மீன் சந்தை. நம் நெத்திலி மாதிரி சின்ன மீனை மணலில் விரித்துக் காய வைத்திருப்பார்கள், தரையே வெள்ளியாக மின்னும். நல்ல கூட்டம். அந்த மாதம் கரையில் மூன்று படகு எஞ்சின் களவு போயிருந்தது. எல்லோரும் கொதித்துப் போயிருந்தார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நினைப்பில் இருக்க வேண்டுமே.

எண்ணெய்க்குப் பணம் கொடுக்க, பணமும் சாவிக்கொத்தும் போட்ட பைதான் வேண்டும். பை அவன் இடுப்பில். நான் அவனைக் கூப்பிட்டேன். எப்போதும் கூப்பிடுகிற மாதிரிதான். ஒரே ஒரு தடவை. ஏல களவாணி என்று கூப்பிட வேண்டியது, முவீஸி என்று வந்துவிட்டது. நாக்குதானே டீச்சர். ஏன் அன்றைக்கு மட்டும் அவர்கள் பாஷையில் கூப்பிட்டாய் என்று கேட்காதீர்கள். எல்லோரும் அதையே கேட்கிறார்கள். மார்லீஸும் கேட்டாள். நீங்கள் அவர்கள் பாஷையில் நாலு வருடம் வேலை பார்த்துப் பாருங்கள், எந்த வார்த்தை எங்கே கிடந்து வருகிறது என்று சொல்ல முடியாது.

முதல் தடவை அவன் காதில் விழவில்லை. சந்தை இரைச்சல். மீன்காரர்கள் காதில்தான் விழுந்தது. ஐந்தாறு பேர் என்னைப் பார்த்தார்கள், அப்புறம் நான் கை நீட்டுகிற திசையைப் பார்த்தார்கள். அப்போதுதான் இவன் திரும்பினான். சாக்கு தோளில் இருந்தது, ஒரு முனையில் இரும்பு வெளியே தெரிந்தது. என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று கையை அசைத்தான். இப்படி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, மெதுவாக. எனக்கு அது சரியாகப் புரியவில்லை.

தராசுக்காரன் ஒருத்தன்தான் தொடங்கினான். எடைக்கல்லை எடுத்து எறிந்தான், முதுகில் விழுந்தது. சாக்கு கீழே விழுந்து விசிறி உருண்டது. இரும்பைப் பார்த்ததும் அவ்வளவுதான். எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை. துடுப்பு, கழி, ஒருத்தன் வலையில் கட்டுகிற ஈயக் குண்டுக் கயிற்றையே சுருட்டி வீசினான். சத்தம் வரும் என்று நினைப்போம். வராது. சதையில் விழுகிற அடிக்குச் சத்தமே கிடையாது, ஈரத்துணியைக் கல்லில் போடுகிற மாதிரிதான் இருக்கும். அவன் மீன்மேல் விழுந்தான். எழுந்தான். ஒரு பெண் அவன் காலை வாரினாள், அப்புறம் மிதித்தாள். இடுப்பில் பிள்ளையோடு மிதித்தாள். வாயெல்லாம் மீன். அவன் என் பெயரைச் சொல்லிக் கத்தினான். கொம்போ, சொல்லு. கொம்போ, சொல்லு. அப்போதுதான் ஒருத்தன் அந்த விசிறியைத் தூக்கினான். இரண்டு கையாலும் தூக்கினான், கனம். தாடையில் இறக்கினான். அதற்கப்புறம் அவன் கத்தவில்லை.

நம் ஊரில் மட்டும் என்ன டீச்சர்? நான் படிக்கும்போது திருநெல்வேலி ஜங்ஷனில் பர்ஸ் அடித்தவன் ஒருத்தனை விளக்குக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவனெல்லாம் ஒரு அடி போட்டுவிட்டுப் போனான். நானும் ஒன்று போட்டேன். காது மேலே. அவன் பர்ஸ் அடித்தானா இல்லையா என்று யார் பார்த்தது? திருடன் என்று ஒரு குரல் வந்தால் போதும். எல்லா ஊரிலும் ஜனங்கள் ஒன்றுதான்.

ஒரு பெரிய ஆள் என்னிடம் வந்தான். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான், சட்டையில் ரத்தமும் செதிலும். மரியாதையாகத்தான் கேட்டான். "பெரியவரே, இவன் உங்ககிட்ட என்ன திருடினான்?" எல்லோரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய சந்தை அப்படியே நின்றது. எனக்கு அவர்கள் பாஷையில் விளையாட்டு என்பதற்கு வார்த்தை வரவில்லை. பொய் என்பதற்கு வரவில்லை. இல்லை என்பது எல்லோருக்கும் வரும், எனக்கு அதுகூட வரவில்லை. எல்லாம் சரி, பிரச்சினை ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கிலா கிட்டு கிக்கோ சாவா. அதுதான் முழு வாக்கியம். கிலா கிட்டு என்பதோடு நின்றுவிட்டது. எல்லாம். என்ன திருடினான் என்று கேட்டார்கள், எல்லாம் என்று சொல்லிவிட்டேன். பாதி வாக்கியம் டீச்சர். மீதியைச் சொல்வதற்குள் அவன் திரும்பிப் போய்விட்டான்.

கேனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். இருபது லிட்டர். பெட்ரோல் என்று நினைத்துக்கொண்டு அவன் தலையிலிருந்து கால்வரை ஊற்றினார்கள். தீக்குச்சி கிழித்துப் போட்டார்கள். அணைந்துவிட்டது. இன்னொன்று. அதுவும் அணைந்துவிட்டது. ஏழெட்டுக் குச்சி. எப்படிப் பற்றும்? பொரித்த எண்ணெய் குச்சிக்குப் பற்றாது. அப்புறம் வாடை கிளம்பியது. இப்போது வருகிறதே, இதே வாடை. வெங்காயம், பெருஞ்சீரகம், கருகிய பருப்பு. ரத்தத்தின் மேலே வடை வாடை. யாரோ ஒருத்தன் முகர்ந்து பார்த்து என்னமோ சொன்னான், பக்கத்தில் இருந்தவன் சிரித்துவிட்டான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததும் கை தளர்ந்துவிட்டது. ஒவ்வொருத்தராக மீனைப் பொறுக்கப் போய்விட்டார்கள்.

அந்த எண்ணெயில் பாதி எங்கள் அடுக்களையிலிருந்து போன எண்ணெய். கரையில் ஒரு ஓட்டலுக்கு நான்தான் கொடுத்து வைத்திருந்தேன், வடிகட்ட. நான் சுட்ட வடை. ஒரு விதத்தில் பார்த்தால் இவன் உயிரைக் காப்பாற்றியது நான்தான். பற்றாது என்று தெரிந்துதானே கேட்ட உடனே கேனைக் கொடுத்தேன். இதைத் தாபுவிடம் சொன்னேன். அவள் என் முகத்தில் துப்பினாள்.

அந்த வெள்ளைக்காரப் பெண் துறையில் நின்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்ப்பதா இவனைப் பார்ப்பதா? விருந்தாளி. எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். அதற்குள் பட்டறைக்காரன் வந்து இவனைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டான்.

விசிறியா? அதைக் கழுவி நேராக்கி மாட்டிவிட்டோம். இப்போது ஓடுகிறதே, அதுதான். புதிது வாங்கலாம், ஆனால் எதையும் தூக்கி எறியக் கூடாது. மார்லீஸின் சட்டம்.

நான்தான் சொல்லி இவனைத் திரும்ப வேலையில் வைத்தேன். படகு ஓட்டக் கண் ஒன்று போதும், வாய் வேண்டாம். ஆனால் பேச முடியாதவன் எப்படி மேனேஜராக இருக்க முடியும்? விருந்தாளிகளிடம் யார் பேசுவது? அதனால் நானே இருக்கிறேன். வேறு வழியில்லாமல்தான். மார்லீஸ் அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவதில்லை. நானும் ஊருக்குப் போகவில்லை. போகாவிட்டால் புகை இல்லை, பாருங்கள்.

எஞ்சின் நின்றுவிட்டது. பயப்படாதீர்கள், ரிப்பேர் இல்லை. தீவுக்கு ஒரு மைலுக்கு முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும், பறவைகள் மிரளும். இனித் துடுப்புதான். எவ்வளவு அமைதி, பார்த்தீர்களா? நாம் மூச்சு விடுவது நமக்கே கேட்கும். இதற்குத்தான் அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள்.

சொல்வீர்கள்தானே டீச்சர்? ஒரே வாக்கியம்.

என்ன? கேளுங்கள், எது வேண்டுமானாலும் கேளுங்கள்.

எத்தனை தடவையா?

ஒரு தடவைதான். சொன்னேனே. முதல் தடவை என்று சொன்னேனா? பேச்சு வாக்கில் வந்திருக்கும். முதல் தடவை என்றால் இரண்டாம் தடவை இருக்க வேண்டும் என்று என்ன இருக்கிறது? அவன் திரும்பிப் பார்த்த பிறகு நான் எதற்குக் கூப்பிடப் போகிறேன்? கையை அசைத்த பிறகு எதற்குக் கூப்பிடப் போகிறேன்? ஒரே ஒரு தடவை. சாமி சத்தியமாக.

அங்கே என்ன பார்க்கிறீர்கள்?

ஓ, விரல் காட்டுகிறான். மூன்று. அது ஒன்றும் இல்லை, பாறையைச் சொல்கிறான். வழியில் மூன்று பாறை இருக்கிறது, பார்த்துப் போக வேண்டும் என்கிறான். விருந்தாளி வந்தால் எப்போதும் சொல்வான்.

ஒன்றுதான் தெரிகிறதா?

இருக்கும் டீச்சர். மற்ற இரண்டும் தண்ணீருக்கு அடியில் இருக்கும். ஏல, போதும்ல. கையக் கீழ போடு.